கேலிக்குள்ளான கணக்கு: சந்திரசேகரும் பால்வீதியின் மையமும்

கச்சான் காற்று அடிக்கும் ஜூலை மாதத்தில், இரவு பத்து மணிக்குப் பிறகு கல்முனைக் கடற்கரையில் கடலைப் பார்த்து நின்றால், வலது கைப்பக்கம் தென்வானில் தேள் வடிவில் ஒரு நட்சத்திரக் கூட்டம் தெரியும். தேளின் கொடுக்குக்குச் சற்று மேலே இருக்கிறது நமது பால்வீதியின் மையம். அங்கே, ஏறத்தாழ 27,000 ஒளியாண்டு தூரத்தில், சூரியனைப் போல 40 இலட்சம் மடங்கு திணிவுள்ள கருந்துளை ஒன்று உண்டு. அதன் படம் 2022 மே 12 அன்று வெளியானது.

உயர்தரம் படிக்கும் என் சகோதரியின் மகன் அந்தப் படத்தைப் பற்றி வகுப்பில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறான். ஒளிகூட வெளியே வர முடியாத ஒன்றைப் படம் எடுத்தது எப்படி என்பதே கேள்வி. எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அதன் பிறகு அவன் எழுந்து கேள்வி கேட்பதே இல்லை. கடற்கரையில் வைத்து அவனுக்கு நான் சுப்பிரமணியன் சந்திரசேகரின் கதையைச் சொன்னேன்.

சந்திரசேகர் 1910 ஒக்டோபர் 19 இல் லாகூரில் பிறந்தார். தமிழ்க் குடும்பம். தந்தை கணக்காய்வுத் துறையில் அரச அதிகாரி. தாயார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். சி. வி. ராமன் அவருடைய சிறிய தந்தை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1930 இல் புலமைப்பரிசில் கிடைத்தது. தாயார் நோயுற்றிருந்தார், போகத்தான் வேண்டும் என்று மகனை அனுப்பி வைத்தவரும் அவரே. அடுத்த வருடம் அவர் காலமானார். மகன் அப்போது இங்கிலாந்தில் இருந்தார்.

1930 ஜூலை இறுதியில் பம்பாயில் கப்பல் ஏறியபோது சந்திரசேகருக்கு வயது 19. கடற்பயணத்தில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தார். எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் பாரத்தாலேயே சுருங்கும். ஓர் அளவுக்கு மேல் சுருங்காமல் இலத்திரன்களின் அமுக்கம் அதைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் திணிவு கூடக்கூட இலத்திரன்கள் ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன. ஐன்ஸ்டைனின் சார்பியலை இதில் சேர்த்தால், அந்தத் தாங்கும் சக்திக்கு ஓர் எல்லை இருப்பது தெரிகிறது. சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு என்று இன்று சொல்லப்படும் அந்த எல்லைக்குச் சந்திரசேகரின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. எல்லையைத் தாண்டினால் நட்சத்திரம் அந்த நிலையில் ஓய முடியாது. மேலும் இடிந்து விழ வேண்டும்.

கேம்பிரிட்ஜில் நான்கு வருடங்களுக்கு மேல் இதைச் செப்பனிட்டார். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகத்தில் வாசித்தார். அடுத்துப் பேசியவர் ஆர்தர் எடிங்டன், அன்றைய வானியலின் பெரும் பெயர். நட்சத்திரம் இப்படி நடந்துகொள்ள இயற்கை இடமளிக்காது என்று அவர் கேலியாகப் பேச, சபை சிரித்தது. அத்தனை நாளும் சந்திரசேகருடைய அறைக்கு வந்து வேலை எப்படிப் போகிறது என்று விசாரித்தவர்தான் எடிங்டன். போர், பவுலி போன்ற பௌதிகவியலாளர்கள் சந்திரசேகரே சரி என்று தனிப்பட்ட முறையில் ஏற்றுக்கொண்டார்கள். பகிரங்கமாகச் சொல்ல முன்வரவில்லை.

சந்திரசேகர் சண்டை போடவில்லை. 1937 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தன் முடிவுகளை 1939 இல் ஒரு நூலில் எழுதி வைத்துவிட்டு, வேறு துறைக்கு மாறினார். நான் முக்கியமாக நினைப்பது இந்த இடத்தைத்தான். வழமையாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் கேலியிலிருந்து நேரே 1983 நோபல் பரிசுக்குத் தாவிவிடுவார்கள். இடையில் அவர் செய்த வேலையே பால்வீதியின் மையத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

1943 இல் அவர் எழுதியது இயக்க உராய்வு பற்றி. பெருநாளைக்கு முதல் நாள் கல்முனை பஸாரில் ஊரறிந்த ஒருவர் நடந்து போவதை நினைத்துப் பாருங்கள். சனம் அவர் பின்னால் கூடும், கையைப் பிடிக்கும், நடை தளரும். நட்சத்திரக் கூட்டத்தினூடே போகும் பாரமான பொருளுக்கும் இதுவே நடக்கிறது. அதன் ஈர்ப்பால் நட்சத்திரங்கள் பின்னால் சேர்ந்து, அதையே பின்னுக்கு இழுக்கின்றன. வேகம் குறைந்து அது மையத்தை நோக்கி அமிழ்கிறது. இரண்டு விண்மீன் மண்டலங்கள் மோதிச் சேரும்போது அவற்றின் பெரும் கருந்துளைகள் புதிய மையத்தை நோக்கி இறங்குவது இந்த உராய்வால்தான்.

1964 இல் இன்னொன்றையும் காட்டினார். மிகப் பாரமான வாயுக்கோளம், பொதுச் சார்பியலின் விளைவால், பழைய ஈர்ப்புக் கணக்கு சொல்வதைவிட முந்தியே நிலைகுலைந்து இடியும். இலட்சம் சூரியன் அளவுள்ள கருந்துளைகள் ஆதியில் நேரடியாகவே பிறந்திருக்கலாம் என்ற இன்றைய கருதுகோள் இந்த நிலைகுலைவை நம்பியிருக்கிறது. அது இன்னும் தீர்ந்த விடயம் அல்ல.

எடிங்டன் 1944 இல் இறந்தபோது சந்திரசேகர் அவரைப் பெருமதிப்போடு நினைவுகூர்ந்து பேசினார். 1983 இல் நோபல் பரிசு வந்தது. அதே வருடம் கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவரது பெருநூலும் வெளிவந்தது. 1995 ஓகஸ்ட் 21 இல் சிக்காகோவில் காலமானார்.

1999 ஜூலை 23 அன்று அவர் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைகாட்டி விண்ணுக்குப் போனது. 2000 ஒக்டோபரில், பால்வீதியின் மையத்தில் கருந்துளைக்கு மிக அருகிலிருந்து எக்ஸ் கதிர் பலமடங்கு பிரகாசித்து அடங்குவதை அது பதிவுசெய்தது.

சகோதரியின் மகன் கேட்டதற்கான விடையும் அங்கேயே இருக்கிறது. வரும் ஒளி கருந்துளைக்கு உள்ளிருந்து வருவதல்ல. அதைச் சுற்றிச் சுழன்று சூடேறிய வாயு, உள்ளே விழ முன்னர் வெளிவிடும் ஒளி அது. 2022 படத்தில் தெரியும் வளையம் அந்த ஒளி. நடுவே உள்ள இருள்தான் கருந்துளையின் நிழல்.

விடையைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, அந்த வாயு எங்கிருந்து வருகிறது என்று கேட்டான்.