கொள்ளை நோயைத் தேடி வந்தவர்!



பழவேற்காடு ஏரிக்குப் போயிருக்கிறீர்களா? பூநாரைகளையும், மீனவர்களின் படகுகளையும் பார்த்துவிட்டு, அங்குள்ள டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தையும் பாருங்கள். வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும்! சுமார் 400 ஆண்டுகளுக்கு முன் வியாபாரத்துக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் அவர்கள். பிற்காலத்தில் இன்னொருவர் கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தார். அவர் வந்தது கொள்ளை நோயை விரட்ட!

அவர் பெயர் வால்டெமர் ஹாஃப்கின். 1860ஆம் ஆண்டு, ரஷ்யப் பேரரசில் இருந்த ஒடெஸா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அந்த ஊர் உக்ரைன் நாட்டில் இருக்கிறது. விலங்கியல் படித்தார். படிப்பில் கெட்டிக்காரர். ஆனாலும், மதம் மாற மறுத்ததால் பேராசிரியர் வேலை கிடைக்கவில்லை. 1888இல் பிறந்த நாட்டை விட்டே கிளம்பினார். பாரிஸ் நகரில் லூயி பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் கிடைத்தது நூலக உதவியாளர் வேலைதான்! அவர் சோர்ந்து போகவில்லை. ஓய்வு நேரத்தில் காலராக் கிருமிகளை ஆராய்ந்தார்.

அப்போது காலரா பல நாடுகளில் பரவி, கொத்துக் கொத்தாக மக்களைக் கொன்றது. அசுத்தமான குடிநீர் மூலம் பரவும் நோய் அது. ஹாஃப்கின் தடுப்பூசி கண்டுபிடித்தார். அதை முதலில் யாருக்குப் போட்டார் தெரியுமா? 1892 ஜூலை 18 அன்று, தனக்கே போட்டுக்கொண்டார்!

1893இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். புது நாடு, புது மொழி. ஊசி என்றாலே மக்கள் பயந்தார்கள். அவர் மருத்துவர்கூட இல்லையே என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். அவரோ இந்திய மருத்துவர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு குடிசைப் பகுதிகளுக்கு நடையாய் நடந்தார். இரண்டே ஆண்டுகளில் 42,000 பேருக்கு மேல் ஊசி போட்டார். இதற்கிடையே மலேரியா வந்து அவரையே படுக்க வைத்தது. உடல் தேறியதும் திரும்பி வந்தார்.

1896இல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. மக்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். ஹாஃப்கின் அந்த ஊருக்குள் போனார்! ஒரு சிறிய அறையில் இரவு பகலாக உழைத்து, சில மாதங்களிலேயே பிளேக் தடுப்பூசியை உருவாக்கினார். 1897 ஜனவரி 10 அன்று, அதையும் முதலில் தன் உடம்பில்தான் சோதித்தார். லட்சக்கணக்கானோருக்கு அந்த ஊசி போடப்பட்டது.

ஆனால் செல்வங்களே, 1902இல் பெரும் சோதனை வந்தது. பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். அவர்களில் 19 பேர் தசைவிறைப்பு ஜன்னி கண்டு இறந்தனர். பழி முழுவதும் ஹாஃப்கின் மீது விழுந்தது. வேலையிலிருந்து நீக்கப்பட்டார். இறந்த 19 பேருக்கும் ஒரே குப்பியிலிருந்துதான் ஊசி போடப்பட்டிருந்தது. மற்றவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. குப்பியைத் திறந்தபோது, கீழே விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தியது தெரிய வந்தது. ஆகவே ஆய்வுக்கூடத்தில் தவறு நடக்கவில்லை. ரொனால்ட் ராஸ் போன்ற விஞ்ஞானிகள் அவருக்காக வாதாடினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1907இல்தான் பழி நீங்கியது.

அதன் பிறகு அவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கினாரா? இல்லை. மறுபடியும் இந்தியாவுக்கே வந்து பணியாற்றினார். 1925இல் பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. 1930இல் சுவிட்சர்லாந்தில் காலமானார். 1964இல் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால்தலை வெளியிட்டது.

2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டது, உங்களில் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது நாம் எல்லோரும் காத்திருந்ததும் ஒரு தடுப்பூசிக்காகத்தான், இல்லையா? இனி ஊசி போடும்போது அழுகை வந்தால், தனக்கே முதல் ஊசி போட்டுக்கொண்ட ஹாஃப்கினை நினைத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் யார் மீதாவது பழி விழுந்தாலும் அவரை நினையுங்கள். தீர விசாரிக்காமல் யாரையும் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். சரிதானே?