ஊசிக்கு மாட்டை ஒளிப்பவர்களும் லூயி பாஸ்டரும்

இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் வாழும் நம்மில் பெரும்பாலானோருக்குக் காணியும் இல்லை, வீட்டு உறுதியும் இல்லை. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பசுமாடு, சில ஆடுகள், நாலைந்து கோழிகள்தான். இறக்குவானைப் பக்கத் தோட்டமொன்றில் என் அம்மா வளர்த்த மாட்டின் பால் காசில்தான் எனக்கும் தங்கச்சிக்கும் பாடசாலைக் கொப்பிகள் வந்தன. அப்படிப்பட்ட மாடு செத்தால், ஒரு வீட்டின் சேமிப்பு முழுவதும் ஒரே இரவில் போய்விடுகிறது.

ஆனாலும் தடுப்பூசி போட ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் மாட்டை மானாப்புல் பக்கம் ஓட்டிவிடுபவர்களை நான் இன்றும் பார்க்கிறேன். ஊசி போட்டால் பால் வற்றும், சினைமாடு கன்று வீசிவிடும் என்ற பயம் அவர்களுக்கு. இந்தப் பயத்தோடு பேச நினைக்கும்போதெல்லாம் எனக்கு லூயி பாஸ்டரின் வாழ்க்கை ஞாபகம் வரும். நாய்க்கடி ஊசிக்காக மட்டும் நாம் நினைவில் வைத்திருக்கும் அந்த மனிதர், அதற்கு முன்பே கோழிக்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி கண்டவர்.

பாஸ்டர் 1822 டிசம்பர் 27 அன்று பிரான்ஸின் டோல் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் தோல் பதனிடும் தொழிலாளி. பாஸ்டர் டொக்டரும் அல்ல, கால்நடை வைத்தியரும் அல்ல, இரசாயனம் படித்தவர். வைனும் பியரும் ஏன் கெட்டுப்போகின்றன என்று ஆராயப் போய், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் வேலையைக் கண்டுகொண்டார்.

1865 இல் அரசாங்கம் அவரைத் தெற்கு பிரான்ஸுக்கு அனுப்பியது. அங்கே பட்டுப்புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நுணுக்குக்காட்டியில் பார்த்து, நோயிருந்தால் அதன் முட்டைகளை அழித்து, நோயற்ற தாயின் முட்டைகளை மட்டும் வளர்க்கும் முறையை அவர் பழக்கினார். நல்ல தாயைத் தெரிந்து இனம் பெருக்கு என்று நம் பெரியவர்கள் மாட்டுக்குச் சொல்வதும் இதுதான். அதே காலத்தில் அவருடைய சொந்த வீடு இடிந்துகொண்டிருந்தது. 1859 க்கும் 1866 க்கும் இடையில் மூன்று பெண் பிள்ளைகளை இழந்தார். இருவரைக் கொண்டுபோனது நெருப்புக் காய்ச்சல். 1868 இல், 45 வயதில், பக்கவாதம் வந்து இடப்பக்கம் செயலிழந்தது. அவருடைய தடுப்பூசி வேலைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான் நடந்தன.

1879 இல் கோழிக் கொலராவை எடுத்துக்கொண்டார். நோய்க் கிருமியை வளர்த்துப் பல நாள் வைத்திருந்தால் அதன் வீரியம் குறைவதைக் கண்டார். அந்தப் பழைய கிருமியை ஏற்றிய கோழிகள், பிறகு புதிய கிருமியை ஏற்றியபோதும் சாகவில்லை. அந்தக் கிருமி இனத்துக்கு இன்று அவருடைய பெயரே: பாஸ்டுரெல்லா. அதே இனம்தான் மாட்டுக்கும் எருமைக்கும் தொண்டை அடைப்பானைக் கொடுக்கிறது. காலையில் புல் தின்ற மாடு, தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, மறுநாள் விடியுமுன் விழுந்துவிடும். அந்த நோய்க்கான தடுப்பூசி நம் நாட்டிலேயே, கன்னொருவையிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் தயாராகிறது.

அடுத்தது அடைப்பான், அதாவது அந்த்ராக்ஸ். சில மேய்ச்சல் நிலங்களில் வருடா வருடம் ஆடுகள் சாவதால், அவை சாபம் பிடித்த நிலங்கள் என்று பிரெஞ்சு விவசாயிகள் நம்பினார்கள். செத்த மிருகத்தைப் புதைத்த இடத்திலிருந்து மண்புழுக்கள் நோய் வித்துக்களை மேலே கொண்டுவருகின்றன என்றார் பாஸ்டர். அந்த வித்து மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். மாட்டைப் புதைத்த மேட்டில் செழித்து நிற்கும் புல்லை அறுத்துக் கட்டும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

1881 இல் மெலுன் நகருக்கு அருகிலுள்ள புயி-லெ-ஃபோர் பண்ணையில் எல்லோரும் பார்க்க ஒரு பரிசோதனை நடந்தது. 24 செம்மறி, ஓர் ஆடு, 6 மாடுகளுக்கு மே 5 இலும் 17 இலும் தடுப்பூசி போடப்பட்டது. இன்னொரு 24 செம்மறி, ஓர் ஆடு, 4 மாடுகளுக்குப் போடவில்லை. மே 31 அன்று எல்லாவற்றுக்கும் வீரியமுள்ள கிருமி ஏற்றப்பட்டது. ஜூன் 2 அன்று விவசாயிகளும் கால்நடை வைத்தியர்களும் பத்திரிகையாளர்களும் கூடினார்கள். ஊசி போடாத செம்மறிகளும் ஆடும் அன்றைக்குள் செத்து முடிந்தன. அந்த நான்கு மாடுகளும் உடம்பு வீங்கிக் காய்ச்சலில் நின்றன. ஊசி போட்டவை நலமாக இருந்தன. பிறகு அவற்றில் ஒரு பெண் செம்மறி மட்டும் செத்தது. அது சினையாக இருந்தது; வயிற்றில் குட்டி முன்பே செத்திருந்தது.

இந்த வெற்றியில் ஒரு கறையும் உண்டு. காற்றுப் படவைத்துக் கிருமியை வலுவிழக்கச் செய்த ஊசி என்றே மற்றவர்களை பாஸ்டர் நம்பவிட்டார். உண்மையில் அன்று போட்டது அவருடைய உதவியாளர் ஷம்பர்லான் இரசாயனம் சேர்த்துத் தயாரித்த ஊசி. துலூஸ் நகரக் கால்நடை வைத்தியர் ஒன்றி துஸ்ஸேன் அவருக்கு முன்பே அதைப் போன்ற வழியைக் காட்டியிருந்தார். அவருக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை. பாஸ்டரின் ஆய்வுக் குறிப்பேடுகள் பிற்காலத்தில் பொது நூலகத்துக்கு வந்த பிறகே இது தெளிவானது. பெரிய மனிதர் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை. ஊசி வேலை செய்தது என்பதும் உண்மை: அடுத்த 12 வருடங்களில் பிரான்ஸில் சுமார் 34 இலட்சம் செம்மறிகளுக்கும் 4 இலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளுக்கும் அது போடப்பட்டது.

1885 ஜூலையில், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு ஊசி போட்டுப் பிழைக்கவைத்தார். அதன் பிறகு உலகமெங்கும் அவர் பெயரில் நிறுவனங்கள் எழுந்தன. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் நம்மவர்கள் பலர் போய்ச் சேர்ந்த நீலகிரியின் குன்னூரிலும் 1907 முதல் ஒன்று இருக்கிறது. பாஸ்டர் 1895 செப்டம்பர் 28 அன்று காலமானார்.

அந்தச் சினைச் செம்மறியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அது செத்ததை யாரும் ஒளிக்கவில்லை. எத்தனை பிழைத்தன, எத்தனை செத்தன என்று ஊரே எண்ணிப் பார்த்தது, அதனால் நம்பியது. நம் தோட்டங்களுக்கோ பல நேரம் ஊசி மட்டும் வருகிறது, அதைத் தமிழில் விளங்கப்படுத்த ஒருவரும் வருவதில்லை. சினைமாட்டுக்கு எப்போது போடலாம், ஒரு நாள் பால் குறைந்தால் பயப்பட வேண்டுமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. பதில் கிடைக்காதவர் மாட்டை ஒளிக்கத்தான் செய்வார். ஊசியோடு தமிழ் பேசும் ஒருவரையும் அனுப்புங்கள் என்று கேட்பது நம் உரிமை. மாட்டைக் கட்டிவைத்துக் காத்திருப்பது நம் பொறுப்பு.