பதில் சொல்ல எழுந்து நின்றவர்: மர்ஹூம் ஏ.சீ.எஸ். ஹமீத்

சென்ற ரமழானுக்குச் சில வாரங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, சுபஹ் தொழுகை முடிந்ததும் நானும் வாப்பாவும் திரியாய்ச் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றோம். திருகோணமலை நகரத்துக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். என் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் சாச்சியின் கடவுச்சீட்டுப் பிரதி, அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தின் பிரதி, நான் எழுதிய ஒரு மனு.

சாச்சி வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டரை வருடமாகியிருந்தது. நான்கு மாதமாக அழைப்பு இல்லை, சம்பளமும் வரவில்லை. உம்மம்மா ஒவ்வொரு மஃரிபுக்குப் பின்னும் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். வீட்டில் உயர்தரம் படிப்பவள் நான் என்பதால் மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அலுவலகத்தில் மனுவை வாங்கிய உத்தியோகத்தர் அதில் திகதி முத்திரை குத்தி, ஒரு இலக்கம் எழுதித் தந்தார். அது கொழும்புக்குப் போகும், அங்கிருந்து அந்த நாட்டிலுள்ள எமது தூதரகத்துக்குப் போகும் என்றார். திரும்பி வரும் வழியில் வாப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் யாரைக் கேட்பது? அரசியல் விஞ்ஞானம் படிக்கிற நான் உடனே சொன்னேன், வெளிநாட்டு அமைச்சரைப் பாராளுமன்றத்தில் கேட்கலாம் என்று. வாப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் சஞ்சிகைக்கு ஒரு தலைவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி எங்கள் ஆசிரியை கேட்டபோது, இந்த நாட்டில் அந்த ஆசனத்தில் முதன்முதலாகத் தனியாக அமர்ந்தவரைத் தெரிவுசெய்தேன்.

அவர் பெயர் அப்துல் காதர் சாஹுல் ஹமீத். எல்லோரும் அறிந்த பெயர் ஏ.சீ.எஸ். ஹமீத். கண்டி மாவட்டத்தில் வர்த்தகத்துக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் ஊரான அக்குறணைப் பகுதியைச் சேர்ந்தவர். ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் 1960 இல் முதன்முறையாகப் பாராளுமன்றம் சென்றார். பின்னர் ஹாரிஸ்பத்துவ தொகுதியின் பிரதிநிதியாக விளங்கினார். அத்தொகுதியில் முஸ்லிம்கள் மட்டும் வாழவில்லை. சிங்கள வாக்காளர்களே அங்கு அதிகம். தன் சமூகத்தின் வாக்கை மட்டும் நம்பி நின்றிருந்தால் அவரால் இத்தனை காலம் நிலைத்திருக்க முடியாது. சிங்களக் கிராமத்து விவசாயியும் அக்குறணை வியாபாரியும் ஒருவரையே தம் ஆள் என்று ஏற்றுக்கொண்டார்கள். வெளிநாட்டு அமைச்சருக்கு வேண்டிய பயிற்சியை அவர் வெளிநாடு போக முன்பே தன் தொகுதியில் பெற்றுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1977 வரை இலங்கைக்குத் தனியான வெளிநாட்டு அமைச்சர் ஒருவர் இருக்கவில்லை. சோல்பரி அரசியலமைப்பு, பிரதமரே பாதுகாப்புக்கும் வெளிவிவகாரத்துக்கும் அமைச்சராக இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. 1972 இல் குடியரசான பின்னும் பிரதமரே அந்தப் பொறுப்பை வைத்திருந்தார். டீ.எஸ். சேனநாயக்காவிலிருந்து சிறிமாவோ பண்டாரநாயக்கா வரை உலக நாடுகளோடு பேசியவர்கள் பிரதமர்கள்தான். 1977 ஜூலைத் தேர்தலில் வென்ற ஜே.ஆர். ஜயவர்தன அந்த வழக்கத்தை மாற்றி, ஹமீத் அவர்களிடம் வெளிநாட்டு அமைச்சை ஒப்படைத்தார். 1989 வரை, சுமார் 12 ஆண்டுகள், அவர் அந்தப் பதவியில் இருந்தார்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. 1978 இல் ஜயவர்தன நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதியானார். ஜனாதிபதி பாராளுமன்ற உறுப்பினர் அல்லர். ஆகவே வெளிநாட்டுக் கொள்கையின் பெரிய முடிவுகளை எடுப்பவர் சபைக்கு வெளியே இருந்தார். அந்த முடிவுகளைப் பற்றிக் கேள்வி எழும்போது எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் சபைக்குள் இருந்தார். அவர்தான் ஹமீத்.

பாராளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்கு ஒரு முறை உண்டு. உறுப்பினர் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். கேள்வி ஒழுங்குப் பத்திரத்தில் இலக்கத்தோடு அச்சாகும். அமைச்சர் பதிலளித்த பின் உறுப்பினர் அதையொட்டி மேலும் கேட்கலாம். அமைச்சர் சொன்னதும் உறுப்பினர் கேட்டதும் ஹன்சார்ட்டில் பதிவாகும். ஒரு தடவை பதிவானதை மறுநாள் இல்லை என்று சொல்ல முடியாது.

அந்த 12 ஆண்டுகளில் அவர் முன் அமர்ந்திருந்தவர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். 1977 இலிருந்து 1983 வரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் அவர்கள். அவர் அருகே எங்கள் திருகோணமலைத் தொகுதியின் உறுப்பினர் சம்பந்தன் அவர்களும் இருந்தார். 1983 இன் இறுதியில் கூட்டணியினர் தம் ஆசனங்களை இழந்தார்கள். அதன் பிறகு எங்கள் பக்கத்து மக்களின் துயரத்தைக் கேள்வியாகக் கேட்க வேண்டியவர்களின் இருக்கைகள் வெறுமையாயின. கேள்வி கேட்க ஆள் இல்லாத சபையில் பதிலுக்கு என்ன பெறுமதி என்று இந்தக் கட்டுரைக்காக வாசிக்கும்போது பல தடவை யோசித்தேன்.

ஹமீத் அவர்கள் பதவியேற்றபோது இலங்கை அணிசேரா நாடுகள் இயக்கத்தின் தலைமையை வகித்தது. 1976 ஆகஸ்டில் கொழும்பில் நடந்த ஐந்தாவது உச்சி மாநாட்டோடு கிடைத்த தலைமை அது. 1979 செப்டெம்பரில் ஹவானாவில் கியூபாவிடம் கையளிக்கும் வரை அந்த வேலையின் பெரும்பகுதி அவர் தோளில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து எகிப்து இஸ்ரேலுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. அரபு லீக் எகிப்தை இடைநிறுத்தியது. அணிசேரா இயக்கத்திலிருந்தும் அதை விலக்க வேண்டும் என்று பல அரபு நாடுகள் வற்புறுத்தின. 1979 ஜூனில் கொழும்பில் கூடிய அமைச்சர்கள் மட்டக் கூட்டத்திலும் இந்த நெருக்கடி தொடர்ந்தது. தலைமை நாட்டின் அமைச்சர் முஸ்லிம், ஆனால் அவர் பேச வேண்டியது இயக்கத்தின் எல்லா நாடுகளுக்காகவும். முடிவில் இயக்கம் பிளவுபடவில்லை, எகிப்தும் விலக்கப்படவில்லை.

தெற்காசிய நாடுகளை ஒன்றாக இருத்துவதிலும் அவருக்குப் பங்கு உண்டு. 1983 ஆகஸ்டில் புதுடில்லியில் ஏழு நாடுகளின் வெளிநாட்டு அமைச்சர்கள் கூடினார்கள். 1985 டிசம்பரில் டாக்காவில் சார்க் அமைப்பு பிறந்தது. 1983 ஆகஸ்ட் என்றால் கறுப்பு ஜூலை முடிந்து சில நாட்கள்தான். நாட்டில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்து புகை அடங்கவில்லை. அந்த நிலையில் அயல் நாடுகளின் முன் இலங்கையின் பெயரோடு போய் அமர்வது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும்!

இனி எங்கள் வீட்டில் விவாதமான பகுதிக்கு வருகிறேன். 1984 இல் இலங்கை அரசு, கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன்காக்கும் பிரிவு ஒன்றைத் திறக்க அனுமதித்தது. 1970 இல் சிறிமாவோ அரசு இஸ்ரேலுடனான இராஜதந்திர உறவை நிறுத்தியிருந்தது. யுத்தத்துக்கு இராணுவ உதவி தேடிய ஜயவர்தன அரசு அந்தக் கதவை மறுபடி திறந்தது. முஸ்லிம்கள் நாடெங்கும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அப்போது வெளிநாட்டு அமைச்சர் ஹமீத் அவர்களே. அமைச்சரவைக்குக் கூட்டுப் பொறுப்பு உண்டு. முடிவோடு உடன்படாதவர் பதவி விலகலாம், விலகாதவர் அந்த முடிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். அவர் விலகவில்லை. அந்தப் பிரிவு 1990 இல் ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்தில்தான் மூடப்பட்டது.

அவர் அன்றே விலகியிருக்க வேண்டும் என்பது வாப்பாவின் கருத்து. பதவியில் இருந்துகொண்டு சமூகத்தின் வேதனைக்குப் பதில் சொல்ல முடியாதென்றால் அந்தப் பதவி எதற்கு என்று கேட்டார். உம்மம்மா வேறு விதமாகச் சொன்னார். அந்தக் காலத்தில் எங்கள் பகுதிப் பெண்கள் முதன்முதலாகச் சவூதிக்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கினார்களாம். அரபு நாடுகளோடு பேசக்கூடிய ஒருவர் அரசுக்குள் இருந்தது நல்லதுதானே என்பது அவர் வாதம். நான் இருவர் சொன்னதையும் எழுதுகிறேன். ஒருவரின் வாழ்க்கையை எழுதும்போது அவருக்குச் சங்கடமான பக்கத்தை மறைத்தால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது என்று எங்கள் ஆசிரியை சொல்லித் தந்திருக்கிறார்.

1987 ஜூலை 29 ஆம் திகதி இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானபோதும் அவரே வெளிநாட்டு அமைச்சர். கையொப்பமிட்டவர்கள் ராஜீவ் காந்தியும் ஜயவர்தனவும். ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் பெயர் இருக்கிறது. இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக அதை எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் கொடுப்பதில்லை என்றும், எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைப்பது என்றும் அதில் கண்டது. சீனக்குடாவை பஸ்ஸில் கடக்கும்போது மரங்களுக்கிடையே தெரியும் அந்தத் தாங்கிகளை இப்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். வெளிநாட்டுக் கொள்கை கொழும்பில் மட்டும் நடக்கும் காரியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

எங்கள் திரியாய்க்கும் அதில் பழைய பங்கு உண்டு. குன்றின் மேலுள்ள கிரிஹந்து சேயாவின் அருகே பாறையில் பொறித்த சமஸ்கிருதக் கல்வெட்டு, கடல் கடந்து வந்த வணிகர்களைப் பற்றிச் சொல்கிறது. இந்தக் கரைக்கு வெளிநாட்டார் வருவது புதிதல்ல. போர்க்காலத்தில் இதே ஊரின் வீடுகள் எரிந்து, மக்கள் அகதிகளாகிப் போய், பல வருடங்களின் பின் திரும்பி வந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தமிழ் அம்மா இன்றும் பிறப்புச் சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி வாசலுக்கு அருகில்தான் வைத்திருக்கிறார். மறுபடி ஓட நேர்ந்தால் முதலில் எடுக்க வேண்டியது அதுதானாம்.

ஹமீத் அவர்களின் வாழ்க்கையில் என் மனதைத் தொட்ட இடம் அவர் வெளிநாட்டு அமைச்சராக இல்லாத காலத்தில் வருகிறது. ஜனாதிபதி பிரேமதாச 1989 இல் விடுதலைப் புலிகளுடன் பேச்சைத் தொடங்கியபோது அரச தரப்பில் முன்நின்றவர் ஹமீத். அப்போது அவர் உயர்கல்வி அமைச்சர். ஓராண்டுக்கு மேல் பேச்சு நீடித்தது. 1990 ஜூன் 11 ஆம் திகதி கிழக்கில் பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டுப் போர் மறுபடி மூண்டது. பேச்சு முறிந்துவிட்டது என்று எல்லோரும் கைவிட்ட அந்த நாட்களில் அவர் யாழ்ப்பாணத்துக்குப் பறந்து போய்ப் புலிகளைச் சந்தித்துப் போர்நிறுத்தம் கேட்டார். அது நிலைக்கவில்லை. அதன் பிறகு கிழக்கின் முஸ்லிம்களும் தமிழர்களும் பட்ட பாட்டை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் போனதால் போர் நிற்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே பேசப் போன ஒருவர் இருந்தார் என்பதும் உண்மை.

பின்னர் அவர் நீதி அமைச்சரானார். 1993 இல் மீண்டும் வெளிநாட்டு அமைச்சராகி 1994 ஆட்சி மாற்றம் வரை இருந்தார். அதன்பின் எதிர்க்கட்சியில் அமர்ந்தார். பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் கேள்வி கேட்கும் பக்கத்துக்கு வந்தார். 1999 செப்டெம்பரில் வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர் காலத்தில் சான்றிதழ் ஒன்றை வெளிநாட்டுக்கு உறுதிப்படுத்த எங்கள் ஊரார் கொழும்புக்கே போக வேண்டியிருந்தது. இன்று வெளிநாட்டு அமைச்சின் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் இறந்தவரின் ஜனாஸா பற்றிய தகவல், சிறையிலுள்ளவரின் நிலை, வேலைக்குப் போய்த் தொடர்பற்றவரைத் தேடுவது எல்லாம் இந்த அமைச்சின் கடமைகளில் அடங்கும். சபையில் கேட்கப்படும் கேள்விகளில் ஐக்கிய நாடுகள் சபையும் வரும், சவூதியில் இருக்கும் ஒரு தாயும் வருவார். இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஒரே அமைச்சர்தான்.

மனு கொடுத்து ஐந்தாவது வாரம் ஒரு இரவு சாச்சியின் அழைப்பு வந்தது. தூதரகத்திலிருந்து வீட்டுக்காரரிடம் பேசினார்களாம். உம்மம்மாவால் பேச முடியவில்லை, அழுதுகொண்டே இருந்தார். சாச்சி நலமாக இருக்கிறார். ஆனால் ஆறு மாதச் சம்பளம் இன்னும் கிடைக்கவில்லை. அவர் எப்போது வருவார் என்பதும் முடிவாகவில்லை.

அந்த இலக்கம் எழுதிய துண்டு என் அரசியல் விஞ்ஞானக் கொப்பிக்குள் இருக்கிறது. நேற்று இரண்டாவது கடிதத்தை எழுதி முடித்தேன். முதல் கடிதத்தின் இலக்கத்தையும் திகதியையும் மேலே குறிப்பிட்டு, சம்பளத்தைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறேன். வாப்பா வாசித்துப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. நாளைக் காலை பஸ்ஸுக்கு நேரத்தோடு எழும்பும்படி சொல்லிவிட்டு இஷாத் தொழுகைக்குப் போனார்.