நூறு வேலை, ஒரு மூளை: யார் இந்த சதாவதானி செய்குத்தம்பி பாவலர்?

ஓசூர் சிப்காட்டில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கண் உதிரிபாகத்தின் மேல் இருக்கும். பாக்கெட்டில் செல்போன் ஒருமுறை அதிரும். அவ்வளவுதான், எண்ணிக்கை போச்சு! நாற்பதைத் தாண்டியவர் ‘வயசாயிடுச்சு’ என்பார். இருபத்தைந்துக்கும் அதே கதிதான்.

பல விஷயங்களில் ஒரே சமயத்தில் கவனம் வைப்பதையே கலையாக வளர்த்தார்கள் நம்மவர்கள். அதன் பெயர் அவதானம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்றும் நடக்கிறது. தமிழில் அதற்குப் பெரிய பெயர், குமரி மண்ணின் செய்குத்தம்பி பாவலர்.

எங்கிருந்து வந்தார்?

1874 ஜூலை 31-ல் நாகர்கோவிலை ஒட்டிய இடலாக்குடியில் பிறந்தார். அன்று அது திருவிதாங்கூர் சமஸ்தானம். பள்ளியில் படித்தது மலையாளம். தமிழை சங்கரநாராயண அண்ணாவியாரிடம் தனியாகக் கற்றார். பிறகு சென்னை வந்து, ஓர் அச்சகத்தில் பதிப்புப் பணி பார்த்தார். சீறாப்புராணத்துக்கு உரை எழுதினார். வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா, மருட்பாவா என்ற சண்டை மூண்டபோது, இஸ்லாமியரான இவர் வள்ளலாருக்காக வாதாடினார்.

1907-ல் என்ன நடந்தது?

மார்ச் 10, சென்னை விக்டோரியா பப்ளிக் ஹால். பாவலருக்கு வயது 32. அறிஞர்கள் முன் சதாவதானம் செய்து காட்டினார். சதம் என்றால் நூறு. அவதான அரங்கில் ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். இன்னொருவர் கணக்குப் போடச் சொல்வார். நடுவே ஒருவர் மணி அடிப்பார், மற்றொருவர் முதுகில் பூ எறிவார். எத்தனை மணி, எத்தனை பூ என்று கடைசியில் சொல்லணும். அன்று முதல் அவர் பெயரோடு ‘சதாவதானி’ ஒட்டிக்கொண்டது.

மூளை எப்படித் தாங்குது?

கண்ணால் பார்த்ததில் சுமார் நான்கு பொருட்களைத்தான் ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைக்க முடியும் என்று 1997-ல் லக், வோகல் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்கு மேல் வந்தால் கவனம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுது. ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் சிந்துது. ஆனால் ஊறிப்போன விஷயம் அதிக இடம் கேட்காது. செஸ் வல்லுநர் காய்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, கொத்துக் கொத்தாகப் பார்க்கிறார். காய்களை இஷ்டத்துக்குக் கலைத்து வைத்தால் அவருடைய நினைவாற்றலும் ஏறக்குறைய நம் அளவுக்கு இறங்கிவிடும். யாப்பு ஊறிய புலவருக்கு வெண்பாவும் அப்படித்தான். புதிதாக மனதில் நிறுத்த வேண்டியது மணியும் பூவும்தான்.

வயசானா என்ன ஆகும்?

மூளையின் வேகம் இருபதுகளுக்குப் பிறகே மெல்லக் குறைய ஆரம்பிக்குது. வேண்டாத சத்தத்தை ஒதுக்குவதும் போகப்போகக் கடினமாகுது. ஆனால் சொல்வளமும் பொது அறிவும் அறுபதுகளிலும் கூடலாம். அதனால் லைனில் சீனியர் கொஞ்சம் மெதுவாகப் பார்த்தால் சலித்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பாகத்தில் தப்பு எங்கே ஒளியும் என்பது அவருக்குப் பல வருஷப் பழக்கம். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். செல்போனை லாக்கரில் வையுங்கள். அது ரெண்டு வயசுக்கும் நல்லது.

பாவலர் 1950 பிப்ரவரி 13-ல் 75 வயதில் காலமானார். 2008-ல் அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. இடலாக்குடி அரசுப் பள்ளி இன்று அவர் பெயரில் இருக்கிறது.