பெரிய நம்பிகளின் பாகவத கைங்கர்யம்

உடையவர் ஸந்நிதி இல்லாத திவ்யதேசம் அரிது. அந்த உடையவருக்கு மதுராந்தகத்தில், ஏரிகாத்த ராமர் ஸந்நிதியில், மகிழ மரத்தடியில் பஞ்ச ஸம்ஸ்காரம் செய்தருளியவர் பெரிய நம்பிகள். மார்கழிக் கேட்டையில் திருவவதரித்து, ஆளவந்தார் திருவடிகளை ஆச்ரயித்து, 11-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தவர். கல்வியில் குறைவற்றவர். ஆயினும் நம் பூர்வர்கள் இவர் பெருமையைப் பேசப் புகுந்தால், நோயுற்றுக் கிடந்த ஒருவருக்கு இவர் செய்த பணிவிடையைத்தான் முதலில் சொல்வார்கள்.

அப்படிக் கிடந்தவர் மாறனேரி நம்பி. இவரும் ஆளவந்தாரின் சிஷ்யரே. ஆனால் அந்நாளைய ஊரார் தாழ்ந்ததென்று ஒதுக்கிய குலத்தில் பிறந்தவர். ஆசார்யருக்கு வந்த ராஜபிளவை என்னும் கொடிய கட்டியைத் தமக்குத் தந்தருள வேண்டுமென்று பிரார்த்தித்து, அதைப் பிரஸாதமாகவே இவர் ஏற்றுக்கொண்டார் என்பது குருபரம்பரைச் செய்தி. ஆசார்யர் பரமபதித்த பின் நோயும் தனிமையுமே மாறனேரி நம்பிக்கு மிஞ்சின. பெரிய நம்பிகள் தாமே பிரஸாதம் கொண்டுசென்று அவரை உண்பித்து வந்தார். குடும்பமும் அனுஷ்டானமும் உடைய ஒரு வயோதிகர், பிறர் கண்ணுக்கு அஞ்சாமல் இதைச் செய்தார் என்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாறனேரி நம்பிக்கு வலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பகவத் ஸம்பந்தமில்லாத தம் உறவினர் கையில் தம் சரீரம் அகப்பட்டுவிடுமோ என்பதே அது. அக்கவலையைப் பெரிய நம்பிகளிடமே விண்ணப்பித்தார். நம்பிகள் வாக்குக் கொடுத்தார். காலம் வந்ததும், மேலோர்க்கே உரியதென்று கருதப்பட்ட பிரம்மமேத ஸம்ஸ்காரத்தைத் தம் கையாலேயே செய்து முடித்தார்.

ஊர் கொதித்தது. செய்தி எம்பெருமானார் திருச்செவிக்கு எட்டியது. அவர் ஆசார்யரிடம் வந்து, வர்ணாச்ரம மரியாதையைத் தாம் பாடுபட்டு நிலைநிறுத்தி வருகையில் தேவரீர் இப்படிச் செய்யலாமோ, வேறொருவரைக் கொண்டு செய்வித்திருக்கலாகாதோ என்று விண்ணப்பித்தார். தம் ஸந்த்யாவந்தனத்துக்குப் பிறரை ஏவுவாருண்டோ என்பது நம்பிகளின் மறுமொழியின் கருத்து. ஜடாயுவுக்குப் பெருமாள் ஈமக்கடன் செய்தாரே, விதுரருக்குத் தருமபுத்திரர் செய்தாரே. அவர்களிலும் தாம் உயர்ந்தவரா, அந்தப் பறவையிலும் மாறனேரி நம்பி தாழ்ந்தவரா என்றும் கேட்டருளினார். அடியார்க்கு அடிமைப்படுதலை நம்மாழ்வார் பாடியது வெறும் கடலோசையோ என்றும் வினவினார். எம்பெருமானார் தெண்டனிட்டு உகந்தார். ஆசார்யரின் திருவுள்ளத்தை உலகறியச் செய்யவே அவர் இவ்வாறு கேட்டார் என்று பெரியோர் கூறுவர்.

சுற்றத்தார் இதனால் ஆறவில்லை. நம்பிகளை விலக்கிவைத்து, திருமாளிகை வாசலை முள்ளிட்டு அடைத்தார்கள். பெருமாள் திருத்தேரில் எழுந்தருளும் நாள் வந்தது. ஊரெல்லாம் கோலமிட்டு நிற்க, இவ்வாசலில் மட்டும் முள். நம்பிகளின் திருக்குமாரத்தி அத்துழாய், தேர் அங்கே வந்தவுடன், தகப்பனார் செய்ததில் குற்றம் யாதென்று பெருமாளையே கேட்டு, மேலே எழுந்தருளலாகாதென்று ஆணையிட்டாள். தேர் நகரவில்லை. முள்ளை விலக்கி நம்பிகளை மரியாதையுடன் அழைத்த பின்னரே வடம் அசைந்தது என்பது ஸம்ப்ரதாயத்தில் வழங்கிவரும் வரலாறு.

அந்த அத்துழாய் புக்ககத்தில் பட்ட துன்பத்தையும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் நீராடத் துணைக்கு வரும்படி அழைத்தபோது, உன் பிறந்தகத்துச் சீதன வெள்ளாட்டியை அழைத்துக்கொள் என்ற பொருள்பட மாமியார் இகழ்ந்தாள். நம்பிகளிடம் வெள்ளாட்டிக்கு எங்கே போவது? தமையன் ஸ்தானத்தில் உள்ள எம்பெருமானாரிடம் போய்ச் சொல் என்று மகளை அனுப்பினார். எம்பெருமானாரோ, அருகிருந்த மருமகனும் மஹாவித்வானுமான முதலியாண்டானைச் சீதன வெள்ளாட்டியாக உடன் அனுப்பினார். ஆண்டான் தயங்காமல் சென்று, நீராடத் துணை போனதுமன்றி அவ்வீட்டுப் பணிகளையும் செய்தார். வந்திருப்பவர் யாரென்று அறிந்து புக்ககத்தார் வெட்கினர். மாறனேரி நம்பியின் குடிசைக்குப் பிரஸாதம் சுமந்து சென்றவரின் பெண்ணுக்கு இப்படி ஒரு துணை வாய்த்தது.

பின்னர் சைவப் பற்று மிக்க சோழ மன்னன் உடையவரை அழைத்தபோது, அவருக்குப் பதிலாகக் கூரத்தாழ்வான் செல்ல, பெரிய நம்பிகளும் உடன் சென்றார். அந்த மன்னன் இன்னான் என்பதில் சரித்திர ஆசிரியர்கள் ஒருமிக்கவில்லை. அப்போது நம்பிகளுக்கு 105 பிராயம் என்பர். இருவரும் கண்களை இழந்து, அத்துழாய் வழிகாட்டத் திரும்பினர். வழியில் நம்பிகள் தளர்ந்தார். ஸ்ரீரங்கத்துக்கு எழுந்தருளப் பண்ணட்டுமா என்று கேட்டதற்கு இசையவில்லை. நம்பிகளே கோயிலில்தான் சரீரம் விட்டார் என்று கேட்டால், வெளியூரில் இருக்கும் அடியார்கள் தங்கள் கதி என்னாகுமோ என்று கலங்குவார்களே என்பது அவர் திருவுள்ளம். கூரத்தாழ்வான் மடியில் திருமுடி சாய்த்துத் திருநாட்டுக்கு எழுந்தருளினார்.

தஞ்சைக்கு அருகே பசுபதிகோயிலில் இவருடைய திருவரசு உள்ளது.