முகக்கவசம் தந்த மருத்துவ மேதை

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுப் பரவிய காலத்தில் குற்றால அருவிகளில் நீராடத் தடை விதிக்கப்பட்டது. தென்காசிக் கடைவீதியில் நாம் முகத்தை மூடியே நடமாடினோம். அக்கவசத்தின் பின்னே எளிய குடும்பத்துப் பிள்ளை ஒருவரின் கல்வி நிற்கின்றது. அவரே டாக்டர் வூ லியன் தே. அன்னாரின் வரலாற்றை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

நெல்லைச் சீமையினின்று பிழைப்பு நாடிக் கடல் கடந்தோர் பலர் கரையேறிய பினாங்கிலே, சீனத்திலிருந்து குடியேறிய பொற்கொல்லர் ஒருவரின் மகனாக அவர் 1879இல் பிறந்தார். 1896இல் அரசியார் உதவித்தொகையை வென்று கேம்பிரிட்ஜில் மருத்துவம் பயின்றார். ஆயினும், பிறந்த மண்ணுக்குத் திரும்பிய அவருக்கு ஆங்கில ஆட்சியின் உயர் மருத்துவப் பதவிகள் எட்டவில்லை; அவை வெள்ளையருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தன. கல்வியில் குறையில்லை, பிறப்பே தடையாயிற்று. இக்கொடுமை நமக்குப் புதியதன்று.

1908இல் சீனம் சென்று இராணுவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் கொள்ளைநோய் மூண்டது. கார்பின் நகருக்கு அனுப்பப்பட்ட அவர், இறந்த பெண் ஒருவரின் உடலை அறுத்து ஆய்ந்து, நுரையீரலில் பிளேக் கிருமியைக் கண்டார். எலியும் தெள்ளுப்பூச்சியும் இன்றியே, மூச்சின் வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்நோய் தொற்றுகின்றது எனத் தெளிந்தார். பஞ்சும் சல்லாத்துணியும் அடுக்கிய முகக்கவசத்தை அணியுமாறு அனைவரையும் வற்புறுத்தினார்.

மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதனை ஏற்கவில்லை. ஒரு சீனர் தமக்கு அறிவுரை கூறுவதா என இகழ்ந்து, கவசமின்றி நோயாளிகளிடம் சென்றார். 1911 ஜனவரியில் அந்நோயே அவரை மாய்த்தது. கிருமி குலமும் நிறமும் பார்ப்பதில்லை.

பின்னர் வூ அவர்களின் சொல் எடுபட்டது. மக்களின் போக்குவரத்துக் கட்டுப்படுத்தப்பட்டது. நோயுற்றோருடன் பழகியவர்கள் இரயில் பெட்டிகளில் தனித்து வைக்கப்பட்டனர். உறைபனியால் புதைக்க இயலாது குவிந்து கிடந்த உடல்கள் பேரரசின் இசைவு பெற்று எரியூட்டப்பட்டன. ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்ட அந்நோய் 1911 வசந்தத்தில் அடங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் முக்டனில் பல நாட்டு அறிஞர் கூடிய பிளேக் மாநாட்டிற்கு அவரே தலைமை வகித்தார். 1920–21இல் நோய் மீண்டும் எழுந்தபோதும் முன்னின்று போரிட்டார். 1937இல் மலாயா திரும்பி, ஈப்போவில் மருத்துவத் தொண்டாற்றி, 1960இல் மறைந்தார்.

இளைஞர்களே! ஓர் உதவித்தொகை ஒரு பொற்கொல்லரின் மகனை உலகோர் அவைக்குத் தலைவராக்கியது. வெள்ளி விழாக் காணும் நம் சங்கம் கல்வியையே முதற்பணியாகக் கொண்டது இதன் பொருட்டே. இழிவு கூறுவோர்க்கு விடையாகக் கற்போம். கற்றதைக் கொண்டு, இகழ்ந்தவர் உட்பட அனைவரையும் காப்போம்.