மிஸ்ஸியம்மா சாவித்திரி

சாவித்திரி என்ற பெயரைக் கேட்டதும் நம் மாணவர்களில் பலருக்கு 'பாசமலர்' நினைவுக்கு வரும். கண்ணீரும் கைக்குட்டையும் நினைவுக்கு வரும். எனக்கு மட்டும் என் பாட்டியின் சிரிப்புதான் நினைவுக்கு வருகிறது.

டெங்கிலில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில் ஒரு பழைய வீடியோ நாடா இருந்தது. தோட்டத்திலிருந்து சாமான்களோடு சாமானாக வந்து சேர்ந்தது. எங்கள் தோட்டம் இருந்த இடத்தில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. அந்த நாடாவில் இருந்த படம் 'மிஸ்ஸியம்மா'. இளம்பெண்ணாக இருந்தபோது தோட்டத்துத் திடலில் திரை கட்டிக் காட்டிய படத்தைப் பாட்டி கிழவியான பிறகும் சலிக்காமல் பார்ப்பார். குறிப்பிட்ட ஓர் இடம் வந்தால் போதும், வெற்றிலைச் சாறு தெறிக்கும் அளவுக்குச் சிரிப்பார். முன்பின் பழக்கமில்லாத ஆணும் பெண்ணும் வேலை கிடைப்பதற்காகக் கணவன் மனைவி என்று சொல்லிக்கொண்டு ஜமீன்தார் வீட்டு வாசலில் வந்து நிற்கும் இடம் அது.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்தும் ஜமீன்தார், பட்டம் பெற்ற தம்பதியர்தாம் ஆசிரியர்களாக வேண்டும் என்று விளம்பரம் செய்கிறார். மேரி கிறிஸ்தவப் பெண். கடன் கொடுத்தவன் அவளையே மணக்க நினைக்கிறான். அவனிடமிருந்து தப்பக் கடனை அடைத்தாக வேண்டும். பாலு இந்து இளைஞன், வேலையில்லாதவன். இருவரும் பொய்த் தம்பதியாகி வேலையில் சேர்கிறார்கள். அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவர்கள் படும் பாடுதான் படம் முழுவதும். மேரிதான் அந்த ஜமீன்தாரின் தொலைந்துபோன மூத்த மகள் என்று கடைசியில் தெரியவர, பொய் மெய்யாகிறது.

இந்தக் கதையின் வேர் வங்காளத்தில் இருக்கிறது. ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய 'மான்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' என்ற நகைச்சுவை நாடகத்தைத்தான் சக்கரபாணி தெலுங்குக்கும் தமிழுக்கும் கொண்டுவந்தார். வங்காளத்துச் சரத்சந்திரரின் நாவல்களைத் தெலுங்கில் மொழிபெயர்த்தவர் அவர். நாம் சிறு வயதில் விழுந்து விழுந்து படித்த 'அம்புலிமாமா'வை நாகிரெட்டியுடன் சேர்ந்து தொடங்கியவரும் அவரே. எல்.வி.பிரசாத்தின் இயக்கத்தில் 1955ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிப் படம் வெளிவந்தது. தெலுங்கில் பாலுவின் பாத்திரத்தில் என்.டி.ராமராவ், தமிழில் ஜெமினி கணேசன். மேரி மட்டும் இரண்டிலும் சாவித்திரி.

முதலில் மேரியாக நடித்தவர் பானுமதி என்பது வியப்பான செய்தி. சில சுருள்கள் படமாகியும் விட்டன. ஒருநாள் பானுமதி தாமதமாக வந்ததில் சக்கரபாணிக்கும் அவருக்கும் மனக்கசப்பு மூண்டது. இருவருமே வணங்காத ஆசாமிகள். பானுமதி விலகினார். ஜமீன்தாரின் இளைய மகளாக நடிக்கவிருந்த சாவித்திரி மேரியானார். அவர் விட்ட இடத்திற்கு ஜமுனா வந்தார்.

அந்த வாய்ப்பு வரும்வரை சாவித்திரி நடந்த பாதை எளிதானதன்று. குண்டூர் மாவட்டத்துச் சிற்றாவூரில் பிறந்து, கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தவர். பெரியம்மா, பெரியப்பாவின் ஆதரவில் விஜயவாடாவில் வளர்ந்தார். நடனமும் நாடகமும் அங்கேதான். சென்னைக்கு வந்து ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கியபோது, வயது போதாது என்று கதாநாயகி வாய்ப்பு ஒன்று கைநழுவியது. 1951இல் வந்த 'பாதாள பைரவி'யில் ஒரு நடனம். பிறகு 'கல்யாணம் பண்ணிப்பார்' படத்தில் இரண்டாம் நாயகி. 1953இல் வந்த 'தேவதாஸ்' படத்தின் பார்வதிதான் அவரைத் தலைநிமிர வைத்தாள்.

வாய்ப்புத் தேடிய காலத்தில் ஜெமினி ஸ்டூடியோவில் அவரைப் புகைப்படம் எடுத்த அலுவலர் ஒருவர் உண்டு. கணேஷ் என்று பெயர். பின்னாளில் ஜெமினி கணேசன் ஆனவர் அவர்தான். ஏற்கெனவே மணமானவர். 1952இல் மைசூர் சாமுண்டீஸ்வரி கோவிலில் சாவித்திரி அவரை மணந்தார். அந்த மணத்தை இருவரும் வெளியே சொல்லவில்லை. ஒரு சோப்பு விளம்பரத்தில் சாவித்திரி கணேஷ் என்று அவர் கையெழுத்திட்டபோதுதான் ஊருக்குத் தெரிந்தது என்பார்கள்.

இப்போது மீண்டும் 'மிஸ்ஸியம்மா'வைப் பாருங்கள். மணமாகாத இருவர், மணமானவர்களைப் போல் நடிக்கிறார்கள் என்பது கதை. அப்படி நடித்த இருவரோ, மணமாகியும் அதை மறைத்து வைத்திருந்தவர்கள். மேரி, பாலு தன் பக்கத்தில் வந்து அமர்ந்துவிடக் கூடாதே என்று முகத்தைச் சுளிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும். தெலுங்குப் பதிப்பில் ராமராவிடம் அதே சுளிப்பைச் சுளித்தவர்தான். ஆனாலும் தமிழில் ஏதோ கூடுதலாக இருப்பதாக எனக்குப் படுகிறது. இது என் கற்பனையாகவும் இருக்கலாம்.

சாவித்திரியின் நகைச்சுவைக்கு உரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் கருத்து. இந்தப் படத்தில் சிரிப்பு மூட்டவென்றே தங்கவேலு துப்பறியும் வேலை பார்க்கிறார். ஆனால் உண்மையில் சிரிப்பு வருவது மேரியின் கோபத்தால்தான். அவள் ஒருமுறைகூட வேடிக்கை செய்யவில்லை. பாலு ஜமுனாவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது அவள் முகத்தில் எழும் எரிச்சல், அது பொறாமை என்று அவளுக்கே தெரியாத எரிச்சல். தஞ்சை ராமையாதாஸின் வரிகளையும் ராஜேஸ்வர ராவின் இசையையும் ஏ.எம்.ராஜா, பி.லீலா குரல்களையும் இன்றும் பாராட்டுகிறோம். பாடல் நடுவே சாவித்திரியின் புருவம் என்ன செய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

இரண்டே ஆண்டுகளில், 1957இல் 'மாயா பஜார்' வந்தது. அதிலும் ஒரு பொய்க் கல்யாணம்! கடோத்கஜன் மணப்பெண் வத்சலாவின் உருவம் எடுத்து வருகிறான். பெண்ணின் உடலுக்குள் அரக்கன் நடக்கும் நடையைச் சாவித்திரி நடந்து காட்டியிருக்கிறார். அதைப் பார்க்காமல் அவரைப் பற்றிப் பேசுவது பாதிப் பேச்சே.

அதன்பின் புகழ் மலையேறியது. 'களத்தூர் கண்ணம்மா', 'பாசமலர்', 'கை கொடுத்த தெய்வம்', 'நவராத்திரி', 'திருவிளையாடல்' என்று வரிசை நீளும். நடிகையர் திலகம் என்று பட்டம் கிடைத்தது. கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். 1968இல் 'சின்னாரி பாப்பலு' என்ற தெலுங்குப் படத்தை இயக்கினார். அடுத்த ஆண்டு அதையே 'குழந்தை உள்ளம்' என்று தமிழில் எடுத்தார். 1971இல் சிவாஜி கணேசனை வைத்து எடுத்த 'பிராப்தம்' கைவிட்டது. கடனும் வரிப் பாக்கியும் வீட்டு வாசலுக்கு வந்தன. கணவரோடு பிரிவு, மதுப்பழக்கம், உடல்நலக் கேடு. 1980இல் நினைவிழந்தவர் ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள் அப்படியே கிடந்து, 1981 டிசம்பர் 26ஆம் நாள் மறைந்தார். ஐம்பது வயதைக்கூடத் தொடவில்லை. 2018இல் அவர் வாழ்க்கை படமாக வந்து, கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருது கிடைத்த பிறகுதான் என் தங்கைக்குச் சாவித்திரியைத் தெரியும். படம் முடிந்ததும் அவளும் அழுதாள்.

பாட்டி அந்தப் படம் வரும்வரை இருக்கவில்லை. நான் பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் முன் ஒருநாள், அந்த இடத்தில் மட்டும் ஏன் அப்படிச் சிரிக்கிறார் என்று கேட்டேன். தன் தாயும் தகப்பனும் ஆவடி டிப்போவில் இப்படித்தான் பெயர் கொடுத்தார்கள் என்றார். தனியாகப் பெண் கப்பலேறுவது கடினம் என்பதால், முன்பின் அறியாத ஒருவரோடு மனைவி என்று பதிந்துகொண்டாளாம் என் கொள்ளுப்பாட்டி. கதை விடுகிறார் என்று நினைத்தேன். மலாயாவுக்கு வந்த தோட்டப் பெண்களைப் பற்றி அருணிமா தத்தா எழுதிய ஆய்வு நூலைப் பின்னாளில் படித்தபோது, டிப்போக்களில் இத்தகைய இணைகள் உண்டானதை அறிந்து திகைத்தேன்.

கரை இறங்கியதும் பிரிந்துவிடுவதாகத்தான் பேச்சாம். ஆனால் இருவரையும் ஒரே லயத்தில், ஒரே வீட்டில் போட்டுவிட்டார்கள். பல மாதங்கள் கொள்ளுப்பாட்டி அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அவர் சமைத்து வைத்த சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கதவுப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாளாம். பாட்டி இதைச் சொல்லிக்கொண்டே முகத்தைச் சுளித்துக் காட்டினார். அசல் மேரியின் சுளிப்பு.